கைட்டினேஸ்: ஊட்டியில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியில் ஒரு சின்ன ஆய்வகத்தில் பூஞ்சைகளோடு வேலை செய்கிறேன். ப்ராஜெக்ட் செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகள், கேத்திப் பக்கத்துக் கேரட் விவசாயிகள், காளான் குடில் வைத்திருப்பவர்கள் என்று பலர் வந்து போகிறார்கள். கைட்டினை வெட்டும் நொதியான கைட்டினேஸைப் பற்றி, ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், அது நிரம்பிவிட்டது. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், தலைவலி பிடித்தவை பின்னால்.

கைட்டின் கைட்டின்னு சொல்றீங்களே, அது என்னக்கா?

நண்டு, இறால் ஓடு, வண்டின் மேல்தோல், பூஞ்சையின் செல்சுவர் இவற்றுக்கெல்லாம் விறைப்பைக் கொடுக்கும் பொருள். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவானது. பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸும் இதே மாதிரிச் சங்கிலிதான். அதில் ஒவ்வொரு மணியும் குளுக்கோஸ். கைட்டினில் ஒவ்வொரு மணியும் என்-அசிட்டைல் குளுக்கோஸமைன், அதாவது நைட்ரஜன் சேர்ந்த குளுக்கோஸ். கைட்டினின் எடையில் கிட்டத்தட்ட 7 சதவீதம் நைட்ரஜன். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துக் கேள்வி வரும்போது தேவைப்படும்.

இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் படுத்து, இறுக ஒட்டி, படிகம் போல ஆகிவிடுகின்றன. அதனால்தான் தண்ணீரில் கரையாது, கொதிக்க வைத்தாலும் அசையாது.

நண்டு ஓட்டுல இருக்கறது காளான்லயும் இருக்குன்னா, காளான் சைவமா அசைவமா?

இதைக் கேட்காத வீடு இல்லை. கைட்டினை முதலில் கண்டுபிடித்ததே காளானில்தான். 1811-இல் ஆன்ரி பிராக்கொனோ என்ற பிரெஞ்சுக்காரர் காளானிலிருந்து அதைப் பிரித்து ‘ஃபங்கின்’ என்று பெயர் வைத்தார். 1823-இல் ஓடியே என்பவர் பூச்சியின் மேல்தோலில் அதைப் பார்த்து ‘கைட்டின்’ என்றார். கிரேக்க மொழியில் அங்கிக்குப் பெயர் கைட்டோன். ஆக, வரலாற்றுப்படி பார்த்தால் நண்டுதான் காளானின் சரக்கை வைத்திருக்கிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கைட்டினேஸ் ஒரே நொதியா, இல்ல நிறைய இருக்கா?

ஒரு குடும்பம். வேலைப் பங்கீட்டைப் புரிந்துகொள்ள, எஸ்டேட் ஓரத்தில் மண்டிக் கிடக்கும் உண்ணிப்புதரை வெட்டும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரிவாளோடு நடுவில் புகுந்து கண்ட இடத்தில் வெட்டுவார். அவர் எண்டோகைட்டினேஸ். இன்னொருவர் வெட்டிய கொடியின் நுனியைப் பிடித்து ஒரே அளவாகத் துண்டு போட்டுக்கொண்டே வருவார். அவர் எக்ஸோகைட்டினேஸ், அவர் போடும் துண்டில் இரண்டிரண்டு சர்க்கரை இருக்கும். மூன்றாவது ஆள் அந்த இரட்டைத் துண்டை ஒற்றையாக்குவார். அது என்-அசிட்டைல் குளுக்கோஸமினிடேஸ். மூன்று பேரும் சேர்ந்தால்தான் புதர் காலியாகும்.

நாலாவதாக ஒரு ஆள் இருப்பது 2010-இல்தான் தெரியவந்தது. சுருக்கமாக எல்பிஎம்ஓ என்பார்கள். செம்பு அணுவை வைத்துக்கொண்டு, படிகமாக இறுகிக் கிடக்கும் கைட்டினின் மேற்பரப்பையே ஆக்சிஜனேற்றம் செய்து கீறிவிடும். முதலில் காட்டப்பட்டது செராஷியா என்ற பாக்டீரியாவின் புரதத்தில். பூஞ்சைகளிலும் இந்த வகை உண்டு. அதுவரை ‘கைட்டின் கட்டும் புரதம்’ என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று, பிறகு பார்த்தால் வெட்டுகிற நொதி.

டிரைக்கோடெர்மாவோட சுவர்லயும் கைட்டின் இருக்கே, அது தன்னையே தின்னுடாதா?

டிரைக்கோடெர்மா என்பது மற்றப் பூஞ்சைகளைத் தாக்கித் தின்னும் ஒரு பூஞ்சை. நல்ல கேள்வி. பதில் ‘கொஞ்சம் தின்னும்’. பூஞ்சை இழை நுனியில் வளர வேண்டும், பக்கவாட்டில் கிளைவிட வேண்டும். அதற்குச் சுவரை அங்கங்கே தளர்த்தித்தான் ஆக வேண்டும். வயதான இழைகள் தங்களைத் தாங்களே கரைத்துச் சத்தை நுனிக்கு அனுப்புவதும் உண்டு. டிரைக்கோடெர்மா இனங்களின் மரபணுத்தொகுதியில் கைட்டினேஸ் மரபணுக்கள் மட்டும் 20 முதல் 36 வரை இருக்கின்றன. எல்லாம் எதிரியைக் கொல்ல என்று நினைக்கக் கூடாது, பல வீட்டு வேலைக்குத்தான்.

மிச்ச நேரத்தில் எப்படித் தப்பிக்கிறது என்றால், உயிரோடு இருக்கும் இழையின் கைட்டின் வெளியே நிர்வாணமாக இல்லை. அதன் மேல் பீட்டா குளுக்கான் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலியும் புரதமும் பூச்சு மாதிரி இருக்கின்றன. எதிரிப் பூஞ்சைக்கும் அதே பூச்சு உண்டு. அதனால் டிரைக்கோடெர்மா கைட்டினேஸை மட்டும் நம்பிப் போவதில்லை. குளுக்கானை வெட்டும் குளுக்கனேஸ், புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ், நச்சுப் பொருள்கள் என்று ஒரு படையோடுதான் போகும்.

பாட்டில்ல ‘கைட்டினேஸ்’னு போட்டிருக்கு சார் வாங்கிட்டு வந்தாரு. இது பூஞ்சை நொதிதானே?

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ என்று இருந்தால் பாக்டீரியா நொதி. கடையில் கைட்டினேஸ் என்ற பெயரில் கிடைப்பதில் அதுதான் சகஜம். ‘டிரைக்கோடெர்மா ஹார்சியானம்’ என்று போட்டு ‘லைசிங் என்சைம்ஸ்’ என்று இருந்தால் பூஞ்சையினுடையது. அது தனி நொதி கிடையாது, கைட்டினேஸ், குளுக்கனேஸ், புரோட்டியேஸ் எல்லாம் கலந்த சரக்கு. சுவரைக் கரைக்க வேண்டியவருக்கு அந்தக் கலவைதான் லாபம். ஒற்றை நொதியின் குணத்தை அளக்க வந்தவருக்கு அது தொல்லை. எந்த வேலைக்கு என்று முடிவு செய்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பழைய புத்தகத்துல நத்தை வயித்துச் சாறுன்னு எழுதியிருக்கு. நிஜமாவா?

நிஜம்தான். நத்தை பூஞ்சையையும் தின்கிற பிராணி, அதன் செரிமானச் சாற்றில் கைட்டினேஸ் உண்டு. 1929-இல் சூரிச்சில் பால் காரர் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்த ஆல்பர்ட் ஹாஃப்மன், திராட்சைத் தோட்டத்து நத்தையின் வயிற்றுச் சாற்றை வைத்துத்தான் கைட்டினை உடைத்து அதன் அமைப்பைச் சொன்னார். பின்னாளில் எல்எஸ்டி என்ற போதைப் பொருளைத் தயாரித்துப் பேர் வாங்கியவர் அவர்தான். பையன்களுக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. வெகுகாலத்துக்கு ஆய்வகங்களில் நத்தைச் சாறுதான் ஓடியது. அந்த இடத்தைப் பிறகு டிரைக்கோடெர்மா கலவைகள் பிடித்துக்கொண்டன.

ஆய்வகத்துல இதை வச்சு உருப்படியா என்ன செய்வீங்க?

அதிகம் செய்வது புரோட்டோபிளாஸ்ட் எடுப்பது. பூஞ்சைக்குள் வெளியிலிருந்து டிஎன்ஏ செலுத்த வேண்டும், அல்லது இரண்டு ரகங்களை இணைக்க வேண்டும் என்றால் செல்சுவர் குறுக்கே நிற்கும். சுவரைக் கழற்றிவிட்டு மெல்லிய சவ்வோடு மட்டும் நிற்கும் செல்தான் புரோட்டோபிளாஸ்ட்.

முறை இப்படி. 16 முதல் 24 மணி நேரம் வளர்ந்த இளசான இழையை எடுக்க வேண்டும். முற்றிய இழையில் சுவர் தடித்துவிடும், நொதிக்கு மசியாது. அதைக் கழுவி, 0.6 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போடுகிறோம். லிட்டருக்கு 44.7 கிராம் உப்பு. மில்லிக்கு 5 முதல் 10 மில்லிகிராம் லைசிங் என்சைம் சேர்த்து, 28–30 டிகிரியில், தாலாட்டுவது போல மெதுவாக இரண்டு மூன்று மணி நேரம் ஆட்ட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முதலில் நூல் நூலாகத்தான் தெரியும். அப்புறம் நூலின் ஓரத்தில் ஒரு புடைப்பு. கொஞ்ச நேரத்தில் அந்தப் புடைப்பு வழுக்கி வெளியே வந்து, பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக, பளபளவென்று மிதக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உருண்டையாக இருப்பதெல்லாம் புரோட்டோபிளாஸ்ட் என்று குதிக்க வேண்டாம், பூஞ்சையின் வித்தாகவும் (ஸ்போர்) இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வெறும் தண்ணீரை விடுங்கள். புரோட்டோபிளாஸ்ட் என்றால் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பட்டென்று வெடிக்கும். வித்து அப்படியே உட்கார்ந்திருக்கும். உப்புக் கரைசல் எதற்கு என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

ஈஸ்ட்டுக்கும் இதே கைட்டினேஸ் போதுமா?

போதாது. ஈஸ்ட் சுவரில் கைட்டின் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதுவும் பெரும்பாலும் மொட்டு விட்டுப் பிரிந்த தழும்பில் இருக்கும். மிச்சம் குளுக்கானும், சர்க்கரை ஒட்டிய மேனோபுரதமும். அங்கே குளுக்கனேஸ்தான் முக்கியம். நொதியை எடுப்பதற்கு முன்னால் எதிரில் இருக்கும் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். இந்த ஒரு வரியை இந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் சொல்லப் போகிறேன்.

கூழ்ம கைட்டின் எப்படிச் செய்யறது? எனக்குக் கட்டி கட்டியா வருது.

கடையில் வாங்கும் கைட்டின் பவுடர் மணல் மாதிரி. நொதி அதன் மேல் ஏறி வெட்ட நாளாகும். அதனால் அமிலத்தில் கரைத்து மறுபடி வீழ்படிவாக்கி, தயிர் போல ஆக்கிக்கொள்கிறோம். 5 கிராம் பவுடரை 60 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகச் சுற்றவிட வேண்டும். காலையில் அந்தப் பாகை இரண்டு லிட்டர் ஐஸ் போலக் குளிர்ந்த எத்தனாலில் நூலாக ஊற்றிக் கலக்க வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வரும். அப்புறம் சுழற்றி வண்டலை எடுத்து, தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கட்டி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். பவுடரை மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள், அல்லது குளிராத எத்தனாலில் ஊற்றியிருப்பீர்கள். அமிலப் புகை மூக்கைப் பிய்க்கும், புகைக்கூண்டுக்கு வெளியே இந்த வேலை ஆகாது. ஜனவரி ராத்திரியில் ஜன்னலோரம் வைத்தால் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். உறைபனி நாளில் அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அமிலப் பாத்திரம் ஜன்னலோரம் நிற்கக் கூடாது.

கழுவுவதில்தான் எல்லாரும் சோம்பல் படுகிறார்கள். நானும் பட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று தடவை கழுவிவிட்டு, பிஎச் தாளைத் தொடாமலே, தட்டை உறையவைக்கும் அகாருடன் கலந்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தேன். இருபது தட்டு ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் தட்டைச் சாய்த்தால் ரசம் மாதிரி ஓடுகிறது. மிச்சமிருந்த அமிலம் சூட்டில் அகாரையே அறுத்துவிட்டது. பிஎச் 5-க்கு மேல் வரும்வரை கழுவுங்கள். எத்தனை தடவை என்று எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை, தாள்தான் சொல்லும்.

நாங்க வீட்டு குக்கர்லதான் பூஞ்சை வளர்க்கற மீடியா வேகவைக்கறோம். கோயம்புத்தூர்ல சரியா வந்துச்சு, இங்க வந்ததும் எல்லாம் கெட்டுப் போகுது. ஏன்?

மலை ஏறிவிட்டீர்கள், அதுதான் காரணம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 வாக்கில். குக்கரும் ஆட்டோகிளேவும் காட்டும் 15 பவுண்டு என்பது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்கிற கணக்கு. வெளிக்காற்றே இளைத்திருந்தால் உள்ளே மொத்த அழுத்தமும் குறையும். சமவெளியில் 15 பவுண்டில் 121 டிகிரி. ஊட்டியில் அதே 15 பவுண்டில் 117 டிகிரி அளவுதான். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் வித்துகளுக்கு இந்த நான்கு டிகிரி பெரிய சலுகை.

அழுத்தமானியும் தாங்கும் பாத்திரமும் உள்ள ஆட்டோகிளேவ் என்றால், ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கணக்கில் கூட்ட வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 7300 அடி, ஆக 18.5 பவுண்டு தாண்டி வைத்தால் 121 வரும். கருவி அந்த அழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்டதா என்று தகட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டு குக்கரில் வெயிட் மேல் வெயிட் வைக்கும் விபரீதம் வேண்டவே வேண்டாம். அங்கே நேரத்தைத்தான் நீட்ட வேண்டும். 15–20 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் விடுங்கள். ஆவி முழுக்க வெளியேறிக் காற்று போன பிறகே வெயிட்டைப் போடுங்கள். வெப்பநிலை காட்டும் நிறமாறு நாடா ஒன்றை உள்ளே வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

புரோட்டோகால்ல ‘அறை வெப்பநிலை’ன்னு இருக்கு. நம்ம அறைக்கு அது பொருந்துமா?

எழுதினவருக்கு அறை என்றால் 25 டிகிரி. டிசம்பர் காலையில் நம் அறை 12, 14. பத்து டிகிரி இறங்கினால் நொதியின் வேகம் தோராயமாகப் பாதியாகும். டிரைக்கோடெர்மாவும் 25–30 டிகிரியில் பாயும், 15-இல் நடக்கும். இன்குபேட்டர் இல்லாமல் செய்தால் ஐந்து நாள் என்று எழுதியிருப்பதைப் பத்து நாளாக வாசித்துக்கொள்ளுங்கள். நொதி அளவீட்டைக் கண்டிப்பாக வாட்டர் பாத்தில்தான் செய்ய வேண்டும். டிரைக்கோடெர்மா கைட்டினேஸ்கள் பெரும்பாலும் 40–50 டிகிரியிலும், பிஎச் 4-க்கும் 6-க்கும் நடுவிலும்தான் முழு வேகம் காட்டும்.

டிஎன்எஸ்ல ரீடிங் தாறுமாறா வருது அக்கா. நொதி நல்லதா கெட்டதான்னே தெரியல.

டிஎன்எஸ் என்பது உடைந்து வந்த சர்க்கரையை நிறமாக்கி அளக்கும் மருந்து. மூன்று இடத்தில் பாருங்கள். முதலாவது, தெரிந்த அளவு சர்க்கரையை வைத்துப் போடும் ஸ்டாண்டர்டு கோட்டை எந்தச் சர்க்கரையால் போட்டீர்கள்? முக்கால்வாசிப் பேர் பழக்கத்தில் குளுக்கோஸ் வைத்துப் போட்டிருப்பார்கள். நம் நொதி தருவது என்-அசிட்டைல் குளுக்கோஸமைன். அதற்கும் குளுக்கோஸுக்கும் டிஎன்எஸ் ஒரே அளவு நிறம் தராது. அதையே ஸ்டாண்டர்டாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, வளர்த்த மீடியத்தில் குளுக்கோஸ் இருந்தால் அதுவே 540 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக நிற்கும். நொதி உழைக்காமலே நல்ல ரீடிங் வந்துவிடும். இதில் இன்னொரு கொடுமை, குளுக்கோஸ் கிடைக்கும்வரை பூஞ்சை கைட்டினேஸ் சுரப்பதையே அடக்கி வைக்கும். கையில் பழம் இருக்கும்போது யார் தேங்காய் உரிப்பார்கள்? கைட்டினை மட்டும் உணவாகக் கொடுங்கள், வடித்த நீரைச் சவ்வுப்பையில் டயாலிசிஸ் செய்து மிச்சச் சர்க்கரையை வெளியேற்றுங்கள். அதே நொதியைக் கொதிக்க வைத்துக் கொன்று, ஒப்பிட ஒரு பிளாங்க் வையுங்கள். இந்தப் பிளாங்க் இல்லாத அட்டவணையை நான் படிப்பதே இல்லை.

மூன்றாவது, கொதி. டிஎன்எஸ்ஸைக் கொதிநீரில் வைக்கச் சொல்வார்கள். குக்கர் கேள்வியில் சொன்ன மாதிரி நம் கொதிநீர் 92 டிகிரி. நிறம் மெதுவாக ஏறும். கோயம்புத்தூரில் நண்பர் போட்ட ஸ்டாண்டர்டு கோட்டை வாங்கி வந்து இங்கே ஒட்டினால் நிச்சயம் பொய் சொல்லும். இங்கேயே, அதே நாளில், அதே பாத்தில் போடுங்கள். முடிந்தால் டிஎம்ஏபி முறைக்கு மாறிவிடுங்கள். அது என்-அசிட்டைல் சர்க்கரையை மட்டும் குறிவைத்து ஊதா நிறம் தரும், 585-இல் படிக்கலாம். ஒற்றைச் சர்க்கரையைத்தான் அது சரியாகப் பிடிக்கும், எனவே இரட்டைத் துண்டை ஒற்றையாக்கும் அந்த மூன்றாவது ஆளும் கலவையில் இருக்க வேண்டும்.

தட்டுல வளையமே வரல. அப்ப என் பூஞ்சைக்குக் கைட்டினேஸ் இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கைட்டினேஸ் சுரந்தால் பூஞ்சையைச் சுற்றிக் கைட்டின் கரைந்து தெளிவான வளையம் தெரியும் என்பது கணக்கு. கூழ்ம கைட்டின் தட்டே பால் கலங்கல்தான், அதில் லேசான தெளிவு கண்ணுக்குத் தப்பிவிடும். கறுப்புத் தாள் மேல் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வேகமாகப் படரும் பூஞ்சை வளையத்தைத் தானே மூடிவிடுவதும் உண்டு. புரோமோகிரெசால் பர்ப்பிள் சாயம் சேர்த்து பிஎச் 4.7-இல் தட்டு ஊற்றினால் மஞ்சளாக இருக்கும், கைட்டின் உடைய உடைய ஊதாவாகும். பார்க்க அழகு. ஆனால் சாயம் காட்டுவது பிஎச் ஏற்றத்தை மட்டும்தான். பூஞ்சை வேறு எதையாவது தின்று அம்மோனியா விட்டாலும் ஊதா வரும். கைட்டின் போடாத தட்டு ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த ஊதாவுக்கு மதிப்பில்லை.

கரண்ட் போனா நொதி கெட்டுடுமா?

உறையவைத்து உலர்த்திய பவுடர் என்றால் ஓரிரு நாள் தாங்கும், ஈரம் மட்டும் படக் கூடாது. கரைசல் என்றால் அச்சம்தான். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போவதும், பர்லியார் பாதையில் மண் சரிந்து கூரியர் நிற்பதும் நமக்குப் புதிதா? ஜூன், ஜூலையில் ஐஸில் வரும் சரக்கை ஆர்டர் போடாமல் இருப்பது நல்லது. கரைத்த நொதியைப் பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்து சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தால், உறைந்து உருகி உறைந்து வீணாவது குறையும்.

பவுடரை மூந்து பாத்தா என்ன ஆகும்?

மூக்கைக் கொண்டு போகாதீர்கள். நொதித் தூசு மூச்சில் போனால் ஒவ்வாமை, ஆஸ்துமா வரை இழுத்துவிடும். எடை போடும்போது முகக்கவசம் அவசியம். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டின் பவுடரைத் தொடாமல் இருப்பது நல்லது, அதில் இறால் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

ஏம்மா, இந்த நொதியை வாங்கி நேரா தோட்டத்துல தெளிச்சா நோய் போயிடுமா?

போகாது, காசுதான் போகும். மண்ணில் விழுந்த நொதி களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தை மண்ணில் உள்ள மற்ற உயிரிகளின் புரோட்டியேஸ் தின்றுவிடும். கடையில் டிரைக்கோடெர்மா என்று விற்பது நொதி இல்லை, உயிருள்ள வித்து. வித்து முளைத்து, எதிரியைத் தொட்ட பிறகு, தேவையான இடத்தில் நொதியைச் சுரக்கும். அதனால்தான் எக்டருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து போடச் சொல்கிறார்கள். உரம் அதற்குச் சோறு.

இறால் ஓட்டையே அரைத்துப் போட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். மண்ணில் கைட்டின் தின்னும் உயிரிகள் பெருகும், அது உண்மை. ஆனால் அந்த 7 சதவீத நைட்ரஜன் ஞாபகம் இருக்கிறதா? அதிகமாகப் போட்டால் அம்மோனியாவாக மாறி நாற்றின் வேரைச் சுடும். ஓடு கடற்கரையிலிருந்து மலை ஏறி வர வேண்டும், லாரி வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு இலை கருகறதுக்கு டிரைக்கோடெர்மா கைட்டினேஸ் கேக்குமா? அதுவும் பூஞ்சைதானே?

இங்கேதான் சுவர் எதனால் ஆனது என்ற கேள்வி மறுபடி வருகிறது. பின்பருவ இலைக்கருகலைக் கொண்டு வருவது ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டு வந்த அதே ஆள். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், உறவுமுறையில் பாசிகளுக்குப் பக்கம். அதன் சுவர் செல்லுலோஸாலும் பீட்டா குளுக்கானாலும் ஆனது, கைட்டின் இல்லை என்றே சொல்லலாம். கைட்டினேஸ் அங்கே வெட்ட ஒன்றுமே இல்லை. டிரைக்கோடெர்மாவிடம் குளுக்கனேஸும் வேறு ஆயுதங்களும் உண்டு என்பது சரி, ஆனால் மேகம் இறங்கி இலை நனைந்து கிடக்கும் வாரத்தில் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

தேயிலைக் கொப்புள நோய் இதற்கு நேர்மாறு. 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்த எக்ஸோபாசிடியம் வெக்ஸன்ஸ் அசல் பூஞ்சை, சுவரில் கைட்டின் உண்டு. ஆனால் அது இலைக்குள்ளேயே வளர்கிறது. மேலே தெளித்த நொதி உள்ளே எப்படிப் போகும்? கத்தி சரியாக இருந்தும் கை எட்டவில்லை.

காளான் குடில்லயும் டிரைக்கோடெர்மா போடலாமா?

தயவுசெய்து வேண்டாம்! பட்டன் காளானுக்குப் பச்சைப் பூசணம் என்று ஒரு நோய் வருகிறதே, கம்போஸ்ட் முதலில் வெள்ளையாகி அப்புறம் பச்சையாகும், அந்தப் பச்சை டிரைக்கோடெர்மாதான். கேரட்டுக்கு நண்பன், காளானுக்கு எமன். காரணம் எளிது. காளானும் பூஞ்சை, அதன் சுவரிலும் கைட்டின். இது மூன்றாவது தடவை. ஆய்வகத்தில் டிரைக்கோடெர்மா தட்டைத் திறந்த கோட்டோடு குடிலுக்குள் போகாதீர்கள். வயலில் அதைத் தூவிய கையோடும் போகாதீர்கள். நான் இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் காளான் வேலை காலையில், டிரைக்கோடெர்மா சாயங்காலம்.

நூற்புழுவுக்குச் சுவரே கிடையாதே. அப்ப கைட்டினேஸ் அதை ஒண்ணும் செய்யாதுதானே?

புழுவின் தோலுக்கு இது சரி, அது கொலாஜன் புரதம். ஆனால் அதன் முட்டை ஓட்டின் நடு அடுக்கில் கைட்டின் இருக்கிறது. உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவை 1961-இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் நீலகிரியில் கண்டறிந்தார், இந்தியாவிலேயே முதல் தடவையாக. செத்த பெண் புழுவின் உடலே கடினமான கூடாகிவிடும், ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டால்தான் பெரும்பாலானவை பொரிக்கும். முத்தோரை உருளைக்கிழங்கு ஆய்வு நிலையத்தில் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகங்களைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

முட்டையைத் தின்னும் பூஞ்சைகள் இருக்கின்றன. போக்கோனியா கிளமைடோஸ்போரியா, பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் இரண்டும் புரோட்டியேஸும் கைட்டினேஸும் சேர்த்துச் சுரந்து ஓட்டைத் துளைக்கும். புரோட்டியேஸ் முதலில் வெளி அடுக்கைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் கைட்டினேஸுக்கு வேலை. அதற்கும் உள்ளே கொழுப்பு அடுக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கைட்டினேஸ் தொடாது. எனவே வாங்கிய கைட்டினேஸில் மட்டும் முட்டையை ஊறவைத்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று ரிப்போர்ட் எழுத வேண்டாம். ஒரு தொகுதிக்குப் புரோட்டியேஸ் மட்டும், ஒன்றுக்குக் கைட்டினேஸ் மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்குக் கொதிக்க வைத்த நொதி என்று நான்கு தொகுதி வையுங்கள்.

அதுக்கு எங்க தோட்டத்து மண்ணை ஊருக்கு எடுத்துட்டுப் போய் செய்யலாமா அக்கா? எங்க காலேஜ் திண்டுக்கல்ல.

கூடாது. ஒரு கைப்பிடி மண்ணில் ஒரே ஒரு கூடு இருந்தாலும் போதும். நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வைத்திருப்பதே இந்தப் புழு பரவாமல் இருக்கத்தான். வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் எடுத்துப் போங்கள். மிஞ்சிய மண்ணை ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்டுங்கள், குக்கர் கேள்வியில் சொன்ன கணக்குப்படி. கிளம்பும்போது ஷூவின் அடியையும் கழுவிவிடுங்கள்.